பதினோராம் மேசைக்கு ஒரு சிவப்பு

ஜுஃபைர். வியாழன் இரவு.
பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றுதான் என்பதுபோல்
பார்த்துக்கொண்டிருந்தார்கள் இருவர்.
என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு
அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்:
"தமிழா? அப்பாடா.
இதுல டிரைன்னு போட்டிருக்கே,
தண்ணியில என்னங்க காய்ஞ்சது?"

இனிப்பு இல்லை என்று அர்த்தம், மேடம்.
திராட்சையின் சர்க்கரையை
ஈஸ்ட் முழுசாகத் தின்று தீர்த்துவிட்டது.
மிச்சம் வைத்திருந்தால் இனிப்பு வைன்.

"சிவப்புன்னா அறை வெப்பத்துலதானே?"
என்றார் கணவர், எங்கோ படித்தவர்.
அப்படி எழுதியவன்
ஆகஸ்டில் மனாமாவுக்கு வந்ததில்லை, சார்.
இங்கே அறை வெப்பம் என்றால் ரசம்.
கால் மணி நேரம் ஐஸ் வாளியில் வைத்துத் தருகிறேன்,
யாரும் சிரிக்கமாட்டார்கள்.

தண்டைப் பிடியுங்கள், கைச்சூடு ஏறாது.
மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றுவேன்,
மீதி இடம் வாசனைக்கு.
சுழற்றுங்கள். விரிப்பில் சிந்தினால்
துவைப்பது நாங்கள்.

நாக்கோரம் எச்சில் ஊறினால் புளிப்பு.
ஈறு இறுகி இழுத்தால் டேனின்.
அதை விளக்கப் பயிற்சியில்
ஒரு ஜார்ஜியாக்காரர் மூன்று நாள் போராடினார்.
கடைசியில் ஒரு திராட்சை விதையைக் கொடுத்துக்
கடி என்றார்.
கடித்தேன்.
துவர்ப்பு!
இதற்கா மூன்று நாள்?

"பாக்கு கடிச்ச மாதிரியா?" என்றார் அம்மா.
பாக்கேதான்.

"உங்களுக்கு எது பிடிக்கும்?"
நான் குடிப்பதில்லை.
காரணம் கேட்பவர்களுக்கு ஆளுக்கொன்று வைத்திருக்கிறேன்:
வயிற்றுப்புண், விரதம், தாய்க்குச் செய்த சத்தியம்.
இவர்கள் கேட்கவில்லை.
ஒன்றும் செலவாகவில்லை.

தக்கையை உருவினேன்.
முதலில் ஊற்றும் அந்த ஒரு மடக்கு
பிடித்திருக்கிறதா என்று கேட்க அல்ல,
கெட்டிருக்கிறதா என்று பார்க்க.
இதைச் சொல்வதற்குள் சார் குடித்துவிட்டார்.
கண்ணை மூடினார். "பிரமாதம்."

தக்கை என் மூக்கிடம் வேறு சொல்லியிருந்தது.
இருபத்தெட்டு தினார் பாட்டில்.
விருந்தாளி தலையாட்டினால் ஊற்று என்பது விதி.
பாட்டிலைச் சாய்க்காமல் நின்றேன்,
துணியை ஒரு தடவை அதிகமாக மடித்து.

அம்மா கிளாஸை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.
"ஏங்க, சல்மானியா வீட்டுல ஏசி ஒழுகி
அட்டைப்பெட்டியெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சே,
அந்த வாடை அடிக்கல?"

அதே வாடைதான்.
இந்தக் கறுப்புக் கோட்டுக்கு முன்னால்
சித்ராவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன்.
குழாய் வெடித்த வாரம்
அந்த வாடையில் உண்டு அந்த வாடையில் உறங்கினேன்.
பிறகு பாடப்புத்தகத்தில்
கெட்ட தக்கை, நனைந்த அட்டை மணம் என்று படித்தபோது
எனக்கு மட்டும் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

தக்கையில் சேர்ந்த பூஞ்சையின் வேலை, மேடம்.
உடம்புக்குக் கெடுதல் இல்லை,
பழத்தைத்தான் ஊமையாக்கிவிடும்.
சார் சொன்னதும் சரி,
அந்த வாடையையும் மீறித் தெரிகிற அளவு நல்ல வைன்.

பொய்.
அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

இரண்டாவது பாட்டிலை
அம்மாவிடமே முதலில் நீட்டினேன்.
நெடுநேரம் மூக்கை எடுக்கவில்லை.
"நாவப்பழம்," என்றார்.
புத்தகத்தில் பிளாக்கரண்ட் என்றிருக்கிறது.
அதை நான் கண்ணால் கண்டதில்லை.
நாவல்பழமாகவே இருக்கட்டும்.
சார் இந்தமுறை
மனைவி முகத்தைப் பார்த்துவிட்டுக் குடித்தார்.

அறைக்கு வரும்போது மணி இரண்டே கால்.
குதைபியாவில் எங்கள் தெருக்கோடிக் கடையில்
நெய்னா எனக்கும் சேர்த்து வாங்கி வைத்திருந்தான்,
காகிதக் கோப்பையில் சுலைமானி.
விளிம்பில் பிடித்தேன். சுழற்றினேன். முகர்ந்தேன்.
"டிரை," என்றேன். "துவர்ப்பு தூக்கல்.
கடைசியில் கொஞ்சம் ஏலம்."

"ஐயோ," என்றான் நெய்னா,
"சீனி போடச் சொல்ல மறந்துட்டேன்டா."